குடும்பத்தோடு கப்பலேறுவோர்க்கு

கடல்வழிச் செலவு மகளிரோடு நிகழ்தல் இல்லை என்று தொல்காப்பியப் பொருளதிகாரம் ஒரு விதி கூறும். அச்சூத்திரத்துக்கு வேறு பொருள் உரைப்பாரும் உளர். அஃது எவ்வாறாயினும், பொருள் தேடிக் கலமேறிய தலைவன் தலைவியைக் கரையில் நிறுத்தியே சென்றான் என்பது புலவர் போற்றிய வழக்கு. மன்னார்க் கரையில் வாழும் எம்மவர் வழக்கோ வேறு. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே 1914ஆம் ஆண்டில் நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கிய நாள்முதல், மனைவி, மக்கள், மாமி, அம்மம்மா, கைக்குழந்தை, பாய், செம்பு, பலகாரப் பெட்டி ஆகிய யாவும் ஒருங்கே கப்பலேறின. ஆகவே குடும்பத்தோடு கடல் கடத்தல் இத்தீவாருக்குப் புதுமையன்று; இடையில் அற்றுப்போன பழக்கம். அது இப்போது வேறு கோலத்தில் திரும்பி வந்திருக்கின்றது. உப்புக்குளத்திலும் அயலிலும் உள்ள பலர் கப்பலிற் போவது எப்படி, பிள்ளைகளுக்குத் தாங்குமா, முதியோரை அழைத்துப் போகலாமா என்று வினவுவதால் இக்கட்டுரை எழுதலாயிற்று.

பழைய கப்பலைப் பற்றி இரண்டொரு சொல் கூறி மேற்செல்வோம். சென்னை எழும்பூரிலே புகைவண்டி ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்குவர். அங்கே கப்பல் காத்து நிற்கும். 'இர்வின்', 'கோஷன்' என்னும் கப்பல்களின் பெயர் எங்கள் ஊர் முதியோர் வாயில் இன்றும் வழங்கும். ஏறக்குறைய 30 கிலோமீற்றர் கடலைக் கடந்து தலைமன்னார்ப் பியரில் இறங்கினால் கொழும்புக்குச் செல்லும் மெயில் வண்டி நிற்கும். 1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து 'இராமானுஜம்' என்னும் கப்பல் ஓடியது. 1984இல் அதுவும் நின்றது. தலைமன்னார்ப் புகையிரதப் பாதை போரில் அழிந்து, 2015 மார்ச்சில் மீண்டும் திறக்கப்பட்டது. வண்டி வந்துவிட்டது, கப்பல் வரவில்லை. இரு நாட்டு அரசுகளும் அதைப் பற்றிப் பலமுறை பேசியிருக்கின்றன.

இதற்கிடையே வேறு வழிகள் திறந்தன. 2011 ஜூனில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே 'ஸ்கொட்டியா பிரின்ஸ்' என்னும் கப்பல் ஓடி, அவ்வாண்டு முடியுமுன்னரே நின்றது. 2023 ஒக்டோபர் 14ஆந் திகதி நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் 'செரியாபாணி' என்னும் படகுக் கப்பல் புறப்பட்டது. மாரி நெருங்கியதால் ஒரு வாரத்துக்குள் அதுவும் நிறுத்தப்பட்டது. 2024 ஓகஸ்ட் 16இல் 'சிவகங்கை' என்னும் கப்பல் அவ்வழியில் ஓடத் தொடங்கி, மழைக்காலத்தில் ஓய்ந்து, 2025 பெப்ரவரியில் மீண்டும் புறப்பட்டது. அது 150 பேர் அமரத்தக்கது. 110 கிலோமீற்றர் தொலைவை ஏறத்தாழ நான்கு மணிநேரத்திற் கடக்கும். பஸ்ஸில் இருப்பதுபோல் இருக்கையில் இருந்து போகும் பயணம் அது.

மற்றொரு வகை, உல்லாசக் கப்பல். 'எம்பிரஸ்' என்னும் பெருங்கப்பல் சென்னையிலிருந்து 2023 ஜூன் மாதம் புறப்பட்டு அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளுக்கு வந்தது. 1990இல் பிரான்சு நாட்டிற் கட்டப்பட்ட அக்கப்பல் 210 மீற்றர் நீளமுடையது. உறங்க அறை, உண்ணச் சாலை, நீச்சற் குளம், நாடக அரங்கு யாவும் அதனுள்ளே உண்டு. இதிற் போகிறவர்க்குச் சேருமிடம் முக்கியமன்று, கப்பலே ஊர். இவ்விரண்டனுள் எது தமக்கு வேண்டும் என்று முதலிலே துணிய வேண்டும். நாகூருக்கோ வேளாங்கண்ணிக்கோ இராமேசுவரத்துக்கோ போக விரும்பும் குடும்பத்துக்கு உல்லாசக் கப்பல் வீண். மூன்று நாள் ஓய்ந்திருக்க விரும்புவோர்க்குப் படகுக் கப்பல் போதாது.

இனி, திட்டமிடலுக்கு வருவோம். குடும்பப் பயணத்தை வகுப்போர் பெரும்பாலும் பிள்ளைகளின் விருப்பத்தை முன்வைத்து வகுக்கின்றனர். என் கருத்து வேறு. வீட்டில் மூத்தவர் யாரோ அவரிடமிருந்து தொடங்குக. அவரால் எவ்வளவு படி ஏற முடியும், இரவில் எத்தனை முறை எழுவார், என்ன மருந்து உண்பார் என்பன ஒரு புறம். அவற்றிலும் முந்திய கேள்வி ஒன்று உண்டு. கடல் என்றால் அவருக்கு என்ன நினைவு வரும்?

இக்கேள்வியை மன்னாரார் எளிதாக விட்டுவிட முடியாது. 1980களிலும் 1990இலும் இக்கரையிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் இரவோடிரவாக வள்ளமேறி இராமேசுவரம் போய், மண்டபம் முகாமிற் பதிவு செய்துகொண்டன. 1990 ஒக்டோபர் இறுதியில் இத்தீவின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, அவருட் பலர் படகேறிக் கற்பிட்டிக் கரை சேர்ந்தனர். அவையும் குடும்பத்தோடு கடல் கடந்த பயணங்களே. அன்று குழந்தையை மடியிற் பொத்திக்கொண்டு படகின் அடியிலே குந்தியிருந்த தாய்க்கு இன்று எழுபது வயது. மகன் கனடாவிலிருந்து காசு அனுப்பி, "அம்மாவைக் கப்பலிற் கூட்டிப்போங்கள்" என்று சொல்லுகிறான். அவன் அன்பு பெரிது. ஆயினும் அந்த அம்மாவை ஒரு சொல் கேட்டார் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு மூதாட்டி, சீட்டு எடுத்த பின்னரே, "இரவிலே கடலுக்குள் இருக்க என்னால் ஏலாது" என்றார். அவருக்கு உல்லாசக் கப்பல் பொருந்தாது; பகலிற் புறப்பட்டுப் பகலிற் சேரும் நான்கு மணிநேரப் பயணம் பொருந்தியது. கரை மறையும்போது பேத்தியின் கையைப் பிடித்திருந்தவர், நாகபட்டினக் கரை தோன்றியதும் தாமே எழுந்து நின்று பார்த்தார்.

இன்னொரு வகை முதியோரும் உளர். 'இராமானுஜம்' கப்பலில் இளமையிற் போய்வந்தவர்கள். தலைமன்னாரிலிருந்து கப்பல் விட்டால் போவோம் என்று காத்திருப்பவர்கள். கண்ணுக்கு எட்டிய கரைக்குப் போக யாழ்ப்பாணம் சுற்றவேண்டியிருக்கிறதே என்று அவர்கள் சலித்துக்கொள்வது நியாயமே. ஆனால் அரசுகளுக்கு வயது ஏறுவதில்லை, முழங்காலுக்கு ஏறும். மன்னாரிலிருந்து பூநகரி வழியே, 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து யாழ்ப்பாணம் போவது இப்போது அரைநாட் பயணந்தான். ஆனால் அன்றே கப்பலேற எண்ணற்க. முதல் நாள் யாழ்ப்பாணத்திலே உறவினர் வீட்டில் தங்கி, நன்கு உறங்கி, காலையிற் காங்கேசன்துறைக்குப் போனால் முதியோர் களைக்கமாட்டார்.

அடுத்தது பருவம். இதில் நமக்குப் பாடஞ் சொல்ல எவரும் வேண்டியதில்லை. மன்னார்த் தீவுக்கு வடபுறம் ஒரு கடல், தென்புறம் ஒரு கடல். வாடை வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கியிருக்கும். சோளகம் எழுந்தால் மறுதலையாகும். வலைஞர் காற்றுக்கேற்பக் கரை மாறுவதும் இதனாலேயே. அவர் அறிவைப் பயணியும் கைக்கொள்ளலாம். நாகபட்டினப் பயணத்துக்கு ஒக்டோபர் நடுப்பகுதி முதல் சனவரி வரை ஆகாத காலம். பெப்ரவரி இறுதி முதல் ஏப்பிரல் வரை கடல் தட்டுப்போற் கிடக்கும். தென்கரை சுற்றிச் செல்லும் உல்லாசக் கப்பலாயின் சோளகம் வலுக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் அம்பாந்தோட்டைப் பக்கம் அலை மிகும். பெருங்கப்பல் தாங்கும், வயிறு தாங்குமா என்பதே வினா. பாடசாலை விடுமுறை டிசம்பரில் நீளமாக வருகிறது என்பதற்காக அம்மாதத்தைத் தெரிந்துகொள்வோர் பலர். ஆசிரியனாகிய நானே சொல்லுகிறேன்: சித்திரை விடுமுறைக்குக் காத்திருங்கள்.

பத்திரங்களிற் கவனம் வேண்டும். கைக்குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டு வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறையாத காலம் அதில் எஞ்சியிருத்தல் நன்று. இந்தியாவுக்கு வீசா எடுப்போர், இணையத்தின் வழி கிடைக்கும் வீசா எல்லாத் துறைமுகங்களுக்கும் செல்லுபடியாவதில்லை என்பதை அறிக. தாம் இறங்கும் துறை அப்பட்டியலில் உண்டா என்று எழுத்திற் கேட்டறிந்த பின்னரே பணம் கட்டுக. இலண்டனிலிருந்தும் தொரொன்ரோவிலிருந்தும் வந்து சென்னையிற் கப்பலேறும் நம் பிள்ளைகளுக்கு ஒரு கண்ணி உண்டு. கப்பல் இலங்கையைத் தொட்டுச் சென்னைக்கு மீளும்போது அவர் இந்தியாவுக்குள் இரண்டாம் முறை நுழைகின்றனர். ஒருமுறை நுழைவதற்கான வீசா இருந்தாற் சங்கடம். மேலும், தமிழர் பெயரில் தலையெழுத்து என்பது பெருந்தொல்லை. கடவுச்சீட்டில் தந்தை பெயர் முழுமையாக இருக்கும். பிரயாணச் சீட்டில் ஒற்றை எழுத்தாக இருக்கும். எங்கள் அயலில் ஒரு குடும்பம் இதனாலே துறைமுகத்தில் நெடுநேரம் நின்று, கடைசியாக ஏறியது. சீட்டுப் பதிவு செய்யும்போது கடவுச்சீட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்துப் பார்த்து எழுதுக. சந்தியிலக்கணம் பிழைத்தால் யாம் மன்னிப்போம். குடிவரவு அதிகாரி மன்னியார்.

உல்லாசக் கப்பலில் அறை தெரிதல் ஒரு கலை. உள்ளறை, சாளரமுள்ள அறை, மாடமுள்ள அறை என்று விலை ஏறும். ஆயின் விலை உயர்ந்ததெல்லாம் வசதியானதென்று எண்ணற்க. கிணற்றுத் துலாவின் இரு நுனியும் ஏறி இறங்க, அச்சுள்ள இடம் அசையாதிருத்தல் போல, கப்பலின் முன்னும் பின்னும் ஆட, நடுப்பகுதி குறைவாக ஆடும். உயரத்துத் தட்டு மிக ஆடும். தாழ்ந்த தட்டு குறைய ஆடும். ஆகவே குமட்டல் உள்ளவர்க்கு நடுவிலே, தாழ்ந்த தட்டிலே உள்ள அறை நல்லது. முதியோருக்கு மின்தூக்கிக்கு அணித்தான அறை கேட்க. சிறுபிள்ளைகள் இருந்தால் மாடமுள்ள அறை வேண்டாம் என்பது என் துணிவு. எடுத்தே ஆகவேண்டுமானால் மாடத்திலுள்ள நாற்காலியைக் கம்பியை விட்டு உள்ளே தள்ளி வைக்க.

கடற்குமட்டல் ஏன் உண்டாகிறது? செவியின் உட்புறத்திலே உடலின் சமநிலையை அறியும் உறுப்பு ஒன்று உண்டு. அது ஆட்டத்தை உணர்கிறது. அறைக்குள்ளிருக்கும் கண்ணோ சுவர் அசையவில்லை என்கிறது. இரண்டு சாட்சியும் முரண்பட, மூளை மயங்குகிறது. ஆகலின் மருந்து எளிது: கண்ணுக்கு மெய்யைக் காட்டுக. மேற்றட்டுக்கு வந்து, காற்றுப்படும் இடத்தில் அமர்ந்து, வானும் கடலும் கூடும் கோட்டை நோக்கியிருந்தாற் பெரும்பாலும் தணியும். புத்தகம் வாசிப்பதும் கைத்தொலைபேசியைக் குனிந்து பார்ப்பதும் கேடு. வெறுவயிறும் ஆகாது, நிறைவயிறும் ஆகாது. இஞ்சி நல்லது. மாத்திரை உண்போர் குமட்டல் வந்தபின் உண்பதிற் பயனில்லை. வைத்தியரைக் கேட்டுப் புறப்படுமுன்னரே உண்ண வேண்டும். குழந்தைகளுக்கும் முதியோருக்கும் அவ்வைத்தியர் சொன்ன அளவே அளவு.

முதியோரின் நாட்பட்ட நோய்க்குரிய மருந்தைப் பயண நாளிலும் இருமடங்கு நாளுக்கு எடுத்துச் செல்க. அதை ஒருபோதும் பெரிய பெட்டியில் வைக்கற்க. பெருங்கப்பலில் ஏறும்போது பெட்டிகளை வாங்கிக்கொள்வர். அவை அறைக்கு வந்து சேரச் சில மணிநேரம் ஆகும். இறங்குவதற்கு முதல் நாள் இரவும் பெட்டிகளை வெளியே வைக்கச் சொல்வர். மாற்றுடையையும் பெட்டியில் வைத்துவிட்டு, இரவுச் சட்டையோடு காலையிலே துறைமுகத்தில் நிற்க நேர்ந்தவர் கதைகள் பல. கடவுச்சீட்டு, மருந்து, மூக்குக்கண்ணாடி, ஒரு மாற்றுடை இவை தோட்பையிற் கிடக்கட்டும். கப்பலிலும் வைத்தியர் உண்டு. ஆனால் கட்டணம் பெரிது. பயணக் காப்புறுதி எடுத்துக்கொள்வது வீண்செலவன்று.

உணவைப் பற்றி நீள எழுத வேண்டியதில்லை. இந்தியப் பயணிகளை நோக்கி ஓடும் கப்பல்களில் மரக்கறி உணவு தாராளம். முஸ்லிம் குடும்பத்தார் இறைச்சி பற்றி முன்னரே விசாரித்துக்கொள்வர். இரவிற் கஞ்சியோ இடியப்பமோ இன்றி உறங்காத தாத்தாமார் இருந்தால், பதிவு செய்யும்போதே சொல்லி வைக்க. பயற்றம் பணியாரத்தைக் கட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்பார்க்கு: சமைத்த உணவைப் பெருங்கப்பல்கள் பெரும்பாலும் உள்ளே விடா. கருவாடு, மாம்பழம், விதை, கன்று முதலியன சுங்கத்தில் நிற்கும். பேசாலைக் கருவாட்டின் மணத்தை மறைக்க வல்ல உறை இதுவரை உலகில் உண்டாகவில்லை.

எல்லாரும் அலட்சியம் செய்யும் ஒன்றை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். உல்லாசக் கப்பல் புறப்படும் வேளையில் அபாயமணி ஒலித்து, பயணிகள் எங்கே கூடவேண்டும், மிதப்பு அங்கியை எப்படி அணியவேண்டும் என்று காட்டுவர். 'ரைட்டானிக்' 1912இல் மூழ்கியதன் விளைவாக 1914இல் உலக நாடுகள் கூடிக் கடற்பாதுகாப்பு உடன்படிக்கை ஒன்று செய்தன. நம் தலைமன்னார்க் கப்பல் தொடங்கியதும் அதே ஆண்டு. 2012 சனவரியில் இத்தாலிக் கரையோரத்திலே 'கொஸ்ரா கொன்கோர்டியா' என்னும் உல்லாசக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தனர். அன்று ஏறிய பலருக்கு இவ்வொத்திகை அதுவரை நடைபெற்றிருக்கவில்லை. அதன் பின்னரே, கப்பல் புறப்படுமுன் அல்லது புறப்பட்டவுடனே ஒத்திகை நடத்துக என்று விதி இறுகியது. ஆதலின் அவ்வேளையிற் படம் பிடித்துக்கொண்டு நில்லாது குடும்பத்தோடு போய் நிற்க. குழந்தைக்குரிய சிறிய மிதப்பு அங்கி அறையில் உண்டா என்று பார்த்து, இல்லையெனிற் கேட்டு வாங்குக. அறை இலக்கத்தைப் பிள்ளை வாயாற் சொல்லப் பழக்குக. நீச்சற் குளத்தருகே காவலர் இருப்பர் என்று நம்பற்க; பல கப்பல்களில் இரார்.

செலவு விஷயத்தில் ஒரு குறிப்பு. விளம்பரத்திற் காணும் கட்டணம் முழுக் கட்டணமன்று. துறைமுக வரி, பானம், சலவை, கரையில் ஊர் சுற்றும் பஸ் என்று தனித்தனியே ஏறும். கப்பலிற் காசு கொடுக்கும் வழக்கமில்லை. அறை அட்டையைக் காட்டினாற் போதும். பிள்ளைகளின் கையில் அவ்வட்டை பெருந்தீங்கு. பெரியோர் கையிலும் தீங்கு செய்யும் இடம் ஒன்று உண்டு, அது சூதாட்டக் கூடம். அதன் பொருட்டே 2022 ஜூனில் 'எம்பிரஸ்' கப்பல் புதுச்சேரிக் கரையை அடைய அனுமதி பெறாது நின்றது. கைத்தொலைபேசியை நடுக்கடலில் அணைத்து வைக்க, அன்றேல் விமானநிலையில் வைக்க. கப்பலிலுள்ள வலைப்பின்னலை அது தானே பற்றிக்கொண்டு மாத இறுதியில் உங்களைத் திகைக்க வைக்கும்.

கரையில் இறங்கும்போது ஒரு துறைக்கு ஓரிடம் என்று அடங்குக. காங்கேசன்துறையில் இறங்குவோர்க்குக் கீரிமலை அணித்தே உண்டு, நல்லூரும் போய்வரலாம், நயினாதீவையும் சேர்த்து ஓடினால் எதையும் காணார். திருகோணமலையிலே கோணேசர் கோயிலோ கன்னியா வெந்நீர்க் கிணறுகளோ, ஒன்று போதும். கப்பல் ஒருவருக்காகவும் நில்லாது. சொன்ன வேளைக்கு ஒரு மணிநேரம் முன்னரே துறைக்கு மீள்க. 1996 முதல் 2006 வரை இலங்கை மணிக்கூடும் இந்திய மணிக்கூடும் வேறுபட்டுக் கிடந்தன. இப்போது இரண்டும் ஒன்றே. அந்தக் குழப்பமாவது ஒழிந்தது.

இவ்வளவும் செய்தபின் இன்பம் எங்கே என்பீர்களாயின், அது விலையில்லாமற் கிடைக்கும் இடம் மேற்றட்டு. அரங்கிலே ஆட்டபாட்டம் முழங்கும் நேரத்தில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு விளக்கொளி குறைந்த பக்கத்துக்குப் போங்கள். வடதிசையில் அடிவானுக்கு ஒன்பது பாகை உயரத்தில், கையை நீட்டிப் பிடித்த முட்டியளவு மேலே, துருவமீன் நிற்கும். அவ்வளவு தாழ்வில் அது நிற்பதே நாம் நிலநடுக்கோட்டுக்கு அணித்தாக வாழ்கின்றோம் என்பதற்குச் சான்று. மாசி, பங்குனி மாலைகளில் மேற்கே அறுமீனாகிய கார்த்திகையைக் காட்டலாம். எழுமீனைத் தேடச் சொல்லலாம். முதியவர் ஒருவர் அருகில் இருந்தால் பாய்மரக் காலத்துக் கதைகள் வரும். மணிமேகலைக் காப்பியத்திலே சாதுவன் கலங்கவிழ்ந்து நாகர் கரை சேர்ந்த கதையை அக்கதையின் கடலிலேயே கேட்கும் பிள்ளைக்குப் பரீட்சைக்காக அதை மனனம் செய்ய வேண்டியதில்லை. அக்கதையை மட்டும் குமட்டல் நீங்கிய இரண்டாம் இரவிற் சொல்லுங்கள்.

நாகபட்டினம் போகிறவர் இறங்கியபின் விரைதல் வேண்டா. நாகூரும் வேளாங்கண்ணியும் சிறு தூரத்தில் உள்ளன. முதல் நாளை அங்கே கழித்து, மறுநாள் திருவாரூர், அதற்கும் மறுநாள் தஞ்சாவூர் என்று மேற்கே போகலாம். முகாம்களில் உறவினர் உள்ள குடும்பங்கள், சந்திப்பதற்கு உள்ள ஒழுங்கை முன்னரே தொலைபேசியில் கேட்டு, அதற்கென ஒரு முழுநாளை ஒதுக்கி வைக்க. முப்பது ஆண்டுப் பேச்சை இரண்டு பஸ்ஸுக்கு இடையில் பேசி முடிக்க முடியாது.

கொண்டுசெல்லக்கூடிய பொதியின் நிறை, கட்டணம், புறப்படும் நாட்கள் ஆகியவை நாகபட்டினக் கப்பலில் அடிக்கடி மாறியிருக்கின்றன. ஆகவே சென்ற ஆண்டு போனவர் சொல்லைக் கேட்டுப் பெட்டி கட்டற்க. புறப்படுவதற்கு முதல் நாள் மாலை கப்பல் அலுவலகத்துக்கு ஒருமுறை பேசிக் காற்று எப்படி, கப்பல் உண்டா என்று கேட்டுவிட்டு, அதன் பின்னரே அம்மம்மாவின் பையைக் கட்டுங்கள்.